ராணுவத்துக்கு அதிகம் ஒதுக்குவோம் என்கிறார்களே, எதைவிட அதிகம்?

தேர்தல் மேடையில் ஒரு வேட்பாளர் மருத்துவமனை கட்டித் தருவேன் என்று சொன்னால், அது கட்டப்பட்டதா இல்லையா என்பதை ஊர்க்காரர்களே போய்ப் பார்த்துவிடலாம். தற்காப்புக்கு அதிகம் செலவிடுவேன் என்று சொன்னால், பார்ப்பதற்கு எளிதில் எதுவும் அகப்படாது. கையில் கிடைப்பது ஓர் எண் மட்டுமே. 5 விழுக்காடு என்பார்கள், 75 பில்லியன் பவுண்ட் என்பார்கள், 2 டிரில்லியன் டாலர் என்பார்கள். எதிர்த்து நிற்பவர் வேறோர் எண்ணைச் சொல்வார். எந்த எண் பெரியது என்று பார்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் அந்த இரண்டு எண்களும் ஒரே படியால் அளந்தவையாக இருப்பதில்லை.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தற்காப்புச் செலவு பல பொதுத் தேர்தல்களில் முக்கிய விவகாரமாக இருந்திருக்கிறது. அங்கே வேட்பாளர்கள் சொன்னது என்ன, வென்ற பிறகு நடந்தது என்ன என்பதற்குப் பதிவுகள் உள்ளன. மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது முற்றிலும் வெளியூர்க் கதையும் அல்ல. லண்டனில் நடந்த அப்படியோர் இழுபறி, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்களின் அடுப்பங்கரை வரை வந்தது.

மளிகைக் கணக்கு

ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு சென்ற ஆண்டு மாதம் 800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 880 ரிங்கிட். "10 விழுக்காடு கூட்டிவிட்டேன்" என்கிறார் கணவர். அரிசி, எண்ணெய், பருப்பு விலையெல்லாம் 5 விழுக்காடு ஏறிவிட்டதால், பழைய அளவு சாமான் வாங்கவே 840 ரிங்கிட் வேண்டும். ஆக, உண்மையில் கூடியது 5 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மனைவியோ, பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு வேண்டியதைக் கணக்கிட்டு, இந்த ஆண்டுக்கு 900 ரிங்கிட் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை 20 ரிங்கிட் வெட்டப்பட்டிருக்கிறது.

10 விழுக்காடு உயர்வு, ஏறக்குறைய 5 விழுக்காடு உயர்வு, 20 ரிங்கிட் குறைப்பு. மூன்றும் ஒரே 880 ரிங்கிட்டைப் பற்றியவை. யாரும் பொய் சொல்லவில்லை. முதலாவது சென்ற ஆண்டுத் தொகையோடு ஒப்பிடுகிறது. இரண்டாவது விலைவாசியைக் கழித்துப் பார்க்கிறது. மூன்றாவது ஏற்கெனவே போட்ட திட்டத்தோடு ஒப்பிடுகிறது. தற்காப்புச் செலவு பற்றிய தேர்தல் வாக்குவாதங்களில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கார்ட்டரும் ரீகனும்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1980ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் மென்மையானவர், குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் ராணுவத்தைப் பெருக்குபவர் என்பதுதான் இன்றும் பலர் மனத்தில் இருக்கும் படம். எண்களைப் பார்த்தால் அந்தப் படம் கலங்கிவிடுகிறது.

கார்ட்டர் 1976இல் போட்டியிட்டபோது, தற்காப்புச் செலவில் 5 முதல் 7 பில்லியன் டாலர் வரை குறைக்கலாம் என்று சொன்னவர்தான். பதவிக்கு வந்ததும் 1977இல் பி-1 குண்டுவீச்சு விமானத் திட்டத்தை ரத்து செய்தார். ஆனால் அதே ஆண்டில் நேட்டோ கூட்டணி நாடுகள் தங்கள் தற்காப்புச் செலவை விலைவாசி போக ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்த்த இலக்கு வைத்தபோது, அமெரிக்காவும் அதில் சேர்ந்தது. 1979 நவம்பரில் ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணை பிடிக்கப்பட்டனர். டிசம்பர் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. 1980இல் கார்ட்டர் முன்வைத்த திட்டம், விலைவாசி போக ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காடு உயர்வு. குறைப்பேன் என்று வந்தவர் கூட்டுகிறேன் என்று அடுத்த தேர்தலைச் சந்தித்தார்.

ரீகனின் பிரசாரக் குழு தன் பொருளாதாரத் திட்டத்தில் எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ அதே 5 விழுக்காடுதான். 1980 செப்டம்பரில் சிக்காகோவில் அவர் அந்தத் திட்டத்தை விளக்கினார். வருமான வரி மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10 விழுக்காடு குறையும், ராணுவம் வலுவடையும், 1983க்குள் வரவும் செலவும் சமமாகும் என்பது அதன் சாரம். இந்த மூன்றும் ஒன்றாக எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு, அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஐயோவாவில் நடந்த குடியரசுக் கட்சி விவாதத்திலேயே ஜான் ஆண்டர்சன் பதில் சொல்லியிருந்தார். கண்ணாடிகளை வைத்து வித்தை காட்டினால்தான் நடக்கும் என்றார் அவர். பின்னர் ஆண்டர்சன் சுயேச்சையாகப் போட்டியிட்டுத் தோற்றார்.

அக்டோபர் 28ஆம் தேதி கிளீவ்லண்ட் நகரில் கார்ட்டரும் ரீகனும் நேருக்கு நேர் மோதினர். தமக்கு முந்திய 8 ஆண்டுகளில் 7 ஆண்டுகள் தற்காப்புச் செலவு குறைந்தது, தம் ஆட்சியில்தான் அது ஏறியது என்றார் கார்ட்டர். முந்திய அதிபர் ஃபோர்ட் வகுத்து வைத்திருந்த ஐந்தாண்டுத் திட்டத்தையே கார்ட்டர் வெட்டிவிட்டார் என்றார் ரீகன். மளிகைக் கணக்கில் வரும் கணவனும் மனைவியும் இவர்கள்தான். ஒருவர் கடந்து போன ஆண்டுகளோடு ஒப்பிட்டார், மற்றவர் வராமல் போன திட்டத்தோடு ஒப்பிட்டார். தமக்கு முந்திய ஆண்டுகளில் செலவு குறைந்ததற்கு வியட்நாம் போர் முடிந்ததே பெரிய காரணம் என்பதைக் கார்ட்டர் அழுத்திச் சொல்லவில்லை. திட்டம் என்பது ஒரு விருப்பப் பட்டியல், செலவான பணமல்ல என்பதை ரீகன் சொல்லவில்லை.

அந்த ஆண்டு அமெரிக்காவில் விலைவாசி சராசரியாக 13.5 விழுக்காடு ஏறியது. அப்படிப்பட்ட ஆண்டில், விலைவாசி கழிக்காத எண்ணை யார் சொன்னாலும் அது வாக்காளரை ஏமாற்றும் எண்தான்.

ஓர் இரவுக் கணக்கு

தேர்தலில் ரீகன் 44 மாநிலங்களை வென்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டிய கட்டம். அவருடைய வரவு செலவுத் திட்ட இயக்குநர் டேவிட் ஸ்டாக்மன், 1986இல் வெளியிட்ட தம் நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

1981 ஜனவரி 30ஆம் தேதி இரவு, பதவியேற்புக்குப் பத்து நாள் கழித்து, தற்காப்பு அமைச்சர் காஸ்பர் வெய்ன்பர்கரின் அலுவலகத்தில் கூட்டம். ஸ்டாக்மனுக்கு அப்போது 34 வயது. கையில் ஒரு சிறிய கணக்குப் பொறி. பிரசாரத்தில் சொன்ன 5 விழுக்காடு போதாது என்பது ஒரு தரப்பு, 8 அல்லது 9 வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. நடுவில் 7 விழுக்காடு என்று முடிவானது. சில நிமிடப் பேச்சில் தீர்ந்த விஷயம். பேரம் பேசி நடு விலைக்கு மீன் வாங்குவது போலத்தான்.

தவறு 7 என்ற எண்ணில் இல்லை. எந்தத் தொகை மீது அந்த 7 விழுக்காட்டைப் போடுவது என்பதில் இருந்தது. பிரசாரக் காலத்தில் பேச்சில் இருந்த அடித்தொகை 1980ஆம் ஆண்டின் சுமார் 142 பில்லியன் டாலர். ஆனால் அன்று கணக்குப் பொறியில் தட்டிய அடித்தொகை 1982ஆம் ஆண்டுக்கு உரியது. இடைப்பட்ட காலத்தில் கார்ட்டர் ஆட்சி கூட்டியதும், புதிய ஆட்சி உடனடித் தேவை என்று சேர்த்ததும் அதற்குள் அடங்கியிருந்தன. அது 222 பில்லியன். ஏற்கெனவே ஏறிய ஏணிப்படியில் நின்றுகொண்டு அங்கிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கினார்கள். ஐந்தாண்டுக் கூட்டுத்தொகை 1.46 டிரில்லியன் டாலராக வந்து நின்றது. சில வாரங்கள் கழித்து உட்கார்ந்து பார்த்தபோதுதான், விலைவாசி போக ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு உயர்வைத் தாம் எழுதிக் கொடுத்துவிட்டது ஸ்டாக்மனுக்குப் புரிந்தது. அதற்குள் அந்த எண் வெளியே போய்விட்டது.

சிறிய எண்ணில் சொன்னால், 100 ரிங்கிட்டை ஆண்டுக்கு 7 விழுக்காடு வீதம் ஐந்து ஆண்டு உயர்த்தினால் 140 ரிங்கிட் ஆகும். முதலில் சத்தமில்லாமல் அந்த 100ஐ 115 ஆக்கிவிட்டு, பிறகு அதே 7 விழுக்காட்டைத் தொடங்கினால் 161 ரிங்கிட் ஆகும். இரண்டுக்கும் மேடையில் சொல்வது "7 விழுக்காடு" என்ற ஒரே சொல்தான்.

வெய்ன்பர்கர், நிக்சன் ஆட்சியில் வரவு செலவுத் திட்ட இயக்குநராக இருந்தபோது செலவை வெட்டித் தள்ளியதற்காகக் 'கத்தி' என்ற பட்டப்பெயர் பெற்றவர். தற்காப்பு அமைச்சரான பிறகு ஒரு காசும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே 1981இல் தொகையைக் குறைக்க ஸ்டாக்மன் முயன்றபோது, வெய்ன்பர்கர் அதிபரிடம் ஒரு சித்திரப் பலகையைக் கொண்டுபோய்க் காட்டினாராம். அதில் மூன்று சிப்பாய்கள். கார்ட்டர் திட்டத்துக்கு ஆயுதமில்லாத ஒரு குள்ளன். ஸ்டாக்மன் திட்டத்துக்குக் கண்ணாடி போட்ட ஒரு நோஞ்சான். தமது திட்டத்துக்குக் கனரகத் துப்பாக்கி ஏந்திய ஓர் ஆணழகன். ஆணழகனே பெருமளவில் வென்றார்.

அமெரிக்காவின் தற்காப்புச் செலவு 1980இல் 134 பில்லியன் டாலராக இருந்தது, 1986இல் 273 பில்லியனானது. வரிக் குறைப்பும் வந்தது. 1983க்குள் சமமாகும் என்ற வரவு செலவு, அந்த ஆண்டில் 208 பில்லியன் டாலர் பற்றாக்குறையில் நின்றது. மத்திய அரசின் மொத்தக் கடன் 1980இல் ஒரு டிரில்லியனுக்குக் குறைவாக இருந்தது, 1988இல் 2.6 டிரில்லியனைத் தொட்டது. கடனுக்கு முழுக் காரணமும் ராணுவம் என்று சொல்ல முடியாது. வரிக் குறைப்பும் 1981-82 பொருளாதார மந்தமும் சேர்ந்தே அதைச் செய்தன. ரீகனை ஆதரிப்பவர்கள், அந்தச் செலவுதான் சோவியத்தைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்தது என்பார்கள். அந்த வாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் 1980 நவம்பரில் வாக்களித்தவர்களுக்கு முன்னால் இருந்தது 5 விழுக்காடும் 5 விழுக்காடும்தான் என்பதில் வாதமில்லை.

75 பில்லியனா, 20 பில்லியனா?

அடித்தொகை வித்தை பழைய கதை என்று நினைத்தால், 2024இல் பிரிட்டனில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, வார்சாவில் நேட்டோ தலைமைச் செயலாளரை அருகில் வைத்துக்கொண்டு பிரதமர் ரிஷி சுனாக் ஓர் அறிவிப்பு செய்தார். பிரிட்டன் 2030க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டைத் தற்காப்புக்கு ஒதுக்கும், ஆறு ஆண்டுகளில் கூடுதலாக 75 பில்லியன் பவுண்ட் செலவிடும் என்றார். தொகை பெரியது. தலைப்புச் செய்தியானது.

கூடுதல் என்றால் எதைவிடக் கூடுதல்? ஆறு ஆண்டுகளும் தற்காப்பு ஒதுக்கீடு ஒரு பவுண்ட்கூட ஏறாமல் அப்படியே உறைந்து நின்றிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. அப்படி எந்த அரசும் உறைய வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கவில்லை. பிரிட்டன் அப்போதே சுமார் 2.3 விழுக்காடு செலவிட்டு வந்தது. அந்த விகிதம் தொடர்ந்தால் என்ன செலவாகியிருக்குமோ அதோடு ஒப்பிட்டால், உண்மையான கூடுதல் சுமார் 20 பில்லியன் பவுண்ட்தான் என்று பொருளாதார ஆய்வாளர்கள் உடனே சுட்டிக்காட்டினர். இன்னொன்றும் உண்டு. ஓர் ஆண்டில் கூடும் தொகையைச் சொல்லாமல் ஆறு ஆண்டுகளையும் கூட்டிச் சொன்னால் எந்தத் தொகையும் மலைபோல் தெரியும். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஆறு வருடச் சம்பளத்தைச் சொல்லிப் பெண் கேட்பது போன்றது அது.

எதிர்க்கட்சியாக இருந்த தொழிற்கட்சி அதே 2.5 விழுக்காட்டைத் தானும் சொன்னது, ஆனால் ஆண்டு குறிப்பிடவில்லை. நிதி நிலை இடம் கொடுக்கும்போது என்றது. ரிஃபார்ம் கட்சி மூன்றாம் ஆண்டுக்குள் 2.5, ஆறு ஆண்டுகளுக்குள் 3 விழுக்காடு என்றது. தேதியில்லாத வாக்குறுதியும் தேதியுள்ள வாக்குறுதியும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் ஒன்றல்ல. தேதி போட்டவர் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுனாக் அரசு ஊழியர் பணியிடங்களில் 70,000ஐக் குறைத்து ஒரு பகுதியை ஈடுகட்டுவோம் என்றது. தொழிற்கட்சிக்கு அந்தத் தொல்லை தேர்தல் வரை இல்லை.

ஜூலை 4ஆம் தேதி தொழிற்கட்சி வென்றது. எட்டு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 25ஆம் தேதி, பிரதமர் கியர் ஸ்டார்மர் தேதியை அறிவித்தார். 2027 ஏப்ரலுக்குள் 2.5 விழுக்காடு. சுனாக் சொன்னதைவிட மூன்று ஆண்டு முன்னதாக. ஆண்டுக்கு 13.4 பில்லியன் பவுண்ட் கூடுதல் என்றார். மறுபடியும் அதே உறைந்த அடித்தொகை! உண்மையில் கூடுவது சுமார் 6 பில்லியன்தான் என்று ஆய்வாளர்கள் திருத்தினர். கட்சி மாறியது, வித்தை மாறவில்லை.

அந்த 6 பில்லியனுக்கு ஒரு விலை இருந்தது. வெளிநாடுகளுக்கான உதவி நிதி, தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மேம்பாட்டுத் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் மூன்று நாளில் பதவி விலகினார். ஏழை நாடுகளின் தடுப்பூசிக்கும் பள்ளிக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது. தேர்தல் மேடையில் 2.5 என்ற எண் மட்டும் நின்றபோது இந்த வெட்டு யார் கண்ணிலும் படவில்லை.

பொருளாதாரம் சுருங்கினாலும் விகிதம் ஏறும்

உற்பத்தியில் இத்தனை விழுக்காடு என்று வாக்குறுதி தருவது இப்போது எல்லா நாட்டிலும் வழக்கமாகிவிட்டது. 2025 ஜூனில் தி ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035க்குள் 5 விழுக்காடு என்று ஒப்புக்கொண்டன. அதில் 3.5 நேரடித் தற்காப்புக்கு, மீதி 1.5 தற்காப்போடு தொடர்புள்ள உள்கட்டமைப்பு போன்றவற்றுக்கு. பாலமும் சாலையும் அந்த 1.5க்குள் நுழைய இடமிருக்கிறது.

இந்த அளவுகோலில் ஒரு கோளாறு உண்டு. நாட்டின் பொருளாதாரம் சுருங்கினால், ராணுவத்துக்கு ஒரு காசும் கூட்டாமலே விகிதம் ஏறிவிடும். பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால், நிறையச் செலவிட்டும் விகிதம் இறங்கும். எதிரி யார், எத்தனை கப்பல் வேண்டும் என்பதற்கும் இந்த விகிதத்துக்கும் தொடர்பே இல்லை.

2012 அமெரிக்கத் தேர்தலில் மிட் ரோம்னி, போர்ச் செலவு நீங்கலான தற்காப்பு ஒதுக்கீடு 4 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றார். அதிபர் ஒபாமாவின் திட்டம், முந்திய திட்டத்தைவிடப் பத்தாண்டில் 487 பில்லியன் டாலர் குறைப்பது. இரண்டுக்கும் இடையே பத்தாண்டில் சுமார் 2 டிரில்லியன் இடைவெளி வரும் என்று கணக்கிட்டனர். அந்த 2 டிரில்லியனை ராணுவமே கேட்கவில்லை என்று ஒபாமா அக்டோபர் 22ஆம் தேதி விவாதத்தில் அடித்தார். கடற்படையின் கப்பல் எண்ணிக்கை முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை என்றார் ரோம்னி. அந்தக் காலத்தைவிடக் குதிரைகளும் துப்பாக்கிமுனைக் கத்திகளும்கூடத்தான் குறைந்துவிட்டன என்று ஒபாமா திருப்பினார். பதில் சுவையாக இருந்தது. ஆனால் தேர்தல் முடிந்து 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது இருவருமே விரும்பாத தானியங்கி வெட்டு. நாடாளுமன்றத்தில் உடன்பாடு வராததால் விழுந்த வெட்டு அது.

எண்ணிக்கையை வைத்துப் பயமுறுத்துவது அதைவிடப் பழையது. 1960இல் ஜான் கென்னடி, ஏவுகணைகளில் சோவியத் அமெரிக்காவை முந்திவிட்டது, அதிகம் செலவிட வேண்டும் என்று பிரசாரம் செய்து வென்றார். 1961இல் உளவுத் துறை மதிப்பீடு வந்தபோது, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் சோவியத்திடம் சில பத்துகூடத் தேறவில்லை. இடைவெளி இருந்தது, அமெரிக்காவுக்குச் சாதகமாக.

செம்பவாங்கில் விழுந்த கணக்கு

பிரிட்டனில் 1964இல் ஆட்சிக்கு வந்த ஹரால்ட் வில்சனின் தொழிற்கட்சி, தற்காப்புச் செலவுக்கு 1964 விலைவாசிப்படி ஆண்டுக்கு 2,000 மில்லியன் பவுண்ட் என்ற உச்சவரம்பை வைத்தது. அப்போது மலாயா தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் போர்னியோவிலும் பிரிட்டிஷ் படைகள் இருந்தன. 1966 மார்ச் தேர்தலுக்குச் சற்று முன் வந்த தற்காப்பு மறுஆய்வு, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தளங்களைத் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்றே சொன்னது. அடுத்த ஆண்டு ஜூலையில், எழுபதுகளின் நடுவில் வெளியேறுவோம் என்று மாறியது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. 1968 ஜனவரி 16ஆம் தேதி, 1971 இறுதிக்குள் முழு வெளியேற்றம் என்று வில்சன் அறிவித்தார். 1971 மார்ச் என்று இருந்த தேதியை டிசம்பர் வரை தள்ளவே லீ குவான் இயூ லண்டன் சென்று வாதாட வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் தளங்களின் செலவு அப்போது சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஏராளமாக வேலை பார்த்தனர். குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளி, கோவில் எல்லாம் தளத்தைச் சுற்றியே இருந்தன. பங்குனி உத்திரத்துக்குப் பெயர்பெற்ற புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம், அறுபதுகளில் அந்தத் தளத் தொழிலாளர்களிடையே தோன்றி, பின்னர் ஈசூனுக்கு இடம்பெயர்ந்தது. லண்டனில் ஒரு வரவு செலவுக் கூட்டத்தில் அடித்த கோடு, இந்தக் குடும்பங்களின் சம்பள நாளில் விழுந்தது.

இங்கேதான் தேர்தல் வருகிறது. எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத், தாம் வந்தால் சூயெஸுக்குக் கிழக்கே படைகளை வைத்திருப்போம் என்றார். 1970 ஜூன் 18ஆம் தேதி எதிர்பாராமல் வென்றும் விட்டார். ஆனால் வெளியேற்றத்தின் பெரும்பகுதி வில்சன் தேதியிலேயே நடந்தது. ஹீத் விட்டுவைத்தது ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடன் சேர்ந்த ஒரு சிறு படையும், 1971 நவம்பரில் தொடங்கிய ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடும்தான். அந்த ஏற்பாடு இன்றும் உள்ளது, அதன் தலைமையகம் பட்டர்வொர்த்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் படையோ 1976இல் முற்றாகப் போய்விட்டது. தங்குவோம் என்றவருக்கும் போவோம் என்றவருக்கும் இருந்த இடைவெளி, மேடையில் தெரிந்ததைவிட நிலத்தில் மிகச் சிறியதாகவே இருந்தது. சிங்கப்பூர் அதை நம்பிக் காத்திருக்காமல், கடற்படைப் பட்டறையை 1968இலேயே வணிகக் கப்பல் பட்டறையாக மாற்றத் தொடங்கியிருந்தது.

இங்குள்ள எண்கள்

சிங்கப்பூரில் தற்காப்புச் செலவு உற்பத்தியில் 3 விழுக்காட்டை ஒட்டியே வைக்கப்படுகிறது. 2025 நிதியாண்டின் ஒதுக்கீடு 23.4 பில்லியன் வெள்ளி, முந்திய ஆண்டைவிட 12.4 விழுக்காடு அதிகம். தாவல் பெரிதாகத் தெரிந்தாலும், கொவிட் காலத்தில் தள்ளிப்போன திட்டங்கள் இப்போது நடைபெறுவதும் ஒரு காரணம் என்று அமைச்சு விளக்கியது. இங்கும் அடித்தொகைதான் பேசுகிறது. 1967 முதல் இளைஞர்கள் ஆற்றும் தேசிய சேவையின் முழு மதிப்பு இந்தத் தொகையில் இல்லை. மகன் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவையில் இருக்கும்போது வெளியே சம்பாதித்திருக்கக்கூடிய பணம், அந்த வீட்டின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

மலேசியத் தற்காப்பு அமைச்சுக்கு 2024இல் 19.73 பில்லியன் ரிங்கிட், 2025இல் 21.13 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. சுமார் 7 விழுக்காடு உயர்வு. இதில் விலைவாசியோடு நாணய மதிப்பையும் கழிக்க வேண்டும். 2023இல் தென்கொரியாவிடம் 18 எஃப்ஏ-50 விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தம் சுமார் 920 மில்லியன் அமெரிக்க டாலர். ஒரு டாலர் 4.20 ரிங்கிட்டாக இருப்பதற்கும் 4.70 ஆக இருப்பதற்கும் அந்த ஒரு ஒப்பந்தத்திலேயே 460 மில்லியன் ரிங்கிட் வேறுபாடு.

செலவு ஏறினால் பொருள் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கடலோரப் போர்க்கப்பல் திட்டம் 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் எதிரொலித்தது அதனால்தான். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கைப்படி, அதுவரை 6 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் செலுத்தப்பட்டிருந்தது, ஒரு கப்பலும் வந்து சேரவில்லை. முதல் கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். 2011இல் முடிவானபோது 6 கப்பல்களுக்கு 9 பில்லியன் ரிங்கிட். 2023இல் திருத்தியபோது 5 கப்பல்களுக்கு 11.2 பில்லியன் ரிங்கிட்.